வடிவுக்கு வராத வலி

பாளையங்கோட்டையில் ராஜகனியம்மா காம்பவுண்டு என்றால் எட்டு வீடு, ஒரு மோட்டார், ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்த எட்டு வீட்டில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சரி, செண்பகத்தின் வலி செண்பகத்தை விட்டு இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனது ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணி, மோட்டார் போடுகிற நேரம் என்று ஒரே வாயாகச் சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன், நம்பாதவர்கள் வீட்டுக்குத்தான் அது முதலில் போயிற்று.

செண்பகம், மூன்றாம் வீட்டுச் சண்முகவடிவின் மகள். மாவு வடிவு என்று சொன்னால்தான் தெருவுக்குத் தெரியும். புருஷன் போன பிறகு வாசலில் ஒரு பெரிய கிரைண்டரைப் போட்டு, தெருவுக்கெல்லாம் இட்லி மாவு ஆட்டிக் கொடுத்து, மகளையும் மகன் சுடலைமணியையும் ஆளாக்கியவள். கிரைண்டர் சுற்றும்போது அதைக் கட்டிக்கொண்ட மாதிரி சாய்ந்து ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து நிற்பாள். "புருஷன் இருந்தாக்கூட இப்படிக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டா" என்று குழாயடியில் கேலி பேசினால் அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள். நாற்பத்தேழு வயதிலும் ஒரு நாள் படுத்ததில்லை, கெட்டி உடம்பு என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அந்தப் புதன்கிழமைக்கு ஐந்து நாள் முன்னால்தான் செண்பகத்துக்கு ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்கவில்லை, தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்றே துளை போட்டு, உள்ளே காற்றை அடித்து வயிற்றை உப்ப வைத்து, கேமராவை விட்டுப் பார்த்து, கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய ஜவ்வு வழிதப்பி வெளியே போய், சினைப்பையிலும் குடலிலும் ஒட்டிக்கொண்டு மாசாமாசம் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கொண்டிருந்ததை, டாக்டரம்மா மூன்று மணி நேரம் நின்று சுரண்டிக் கரித்து எடுத்தாள். எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்கு ஒரு நீளமான பெயர். வடிவு சொல்லிப் பார்த்துப் பாதியிலேயே விட்டுவிட்டாள். ஆனால் டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்வியை அவளால் பாதியில் விட முடியவில்லை. "எத்தனை வருஷமாம்மா இந்த வலி?" "பதிமூணு வயசுல இருந்து." "பதினஞ்சு வருஷமா யாருமே பாக்கலையா?" செண்பகம் அம்மாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். நேருக்கு நேர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வடிவு தாங்கியிருப்பாள்.

யார் பார்த்தது? கட்டிக்கொண்டு போன மகராஜன் பார்த்தான். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன், நாலெழுத்து நாசூக்காகப் பேசத் தெரியாதவன், கல்யாணமான எட்டாம் மாசமே "இது சாதாரண வலி இல்ல அத்தை" என்று வடிவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவன். பெற்றவள் என்ன செய்தாள்? பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பரீட்சை அன்று காலையில், குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்த பிள்ளையைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து, முகத்தில் தண்ணீரை அடித்து, "எல்லாருக்கும் உள்ளதுதாம்ட்டி, உலகத்துல நீ ஒருத்திதான் பொம்பளையா?" என்று யூனிஃபாரத்தை மாட்டி அனுப்பி வைத்தாள். செண்பகம் அரைமணி நேரம் எழுதினாள், பிறகு பெஞ்சில் தலையைச் சாய்த்தவள் கடைசி மணி அடித்துத்தான் நிமிர்ந்தாள். நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று கனாக் கண்டவள் இன்றைக்கு ஜவுளிக்கடையில் பொழுதுக்கும் நின்று சேலை விரித்துக் காட்டுகிறாள்.

இரண்டு வாரம் அம்மா வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று மகராஜன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும், எழுந்தால் ஒருக்களித்து உருண்டுதான் எழ வேண்டும், ஒரு செம்புக்கு மேல் தூக்கக் கூடாது, வயிற்றுக்குள் அடித்த காற்று மேலே ஏறித் தோள்பட்டையைக் குத்தும், அது தானாகப் போய்விடும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வடிவு ரசத்தைக் கரைத்துக் கொடுத்தாள், மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தாள், முற்றத்தில் பத்து நடை நடக்கக் கைபிடித்துக் கூட்டிப் போனாள். மகளிடமிருந்து "ம்", "போதும்", "வேண்டாம்" இந்த மூன்றுக்கு மேல் நாலாவது வார்த்தை வரவில்லை. மன்னிச்சிரு தாயி என்று சொல்லிவிட வேண்டும் என்று வடிவு கிரைண்டர் சத்தத்துக்குள் பத்துத் தடவை சொல்லிப் பழகினாள், உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தால் "காப்பி போடட்டுமா?" என்றுதான் வாயில் வந்தது.

அந்தப் புதன்கிழமை காற்று தோள்வழியாகப் போயிற்று. போகிறது சும்மா போகாமல் பதினைந்து வருஷத்து வலியையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிற்று. செண்பகம் யாரிடமும் இல்லாமல் "போயிட்டு" என்றாள். அடுத்த நொடி பக்கத்து வீட்டிலிருந்து மோட்டார் சுவிட்சைப் போடப் போன லூர்து டீச்சர், "மாதாவே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழ முடியவில்லை. டீச்சர் ரிட்டயர்டு ஆனவள், பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். வயிற்று வலி என்று ஒதுங்கி நின்ற செண்பகத்தை "நடிக்காத" என்று விசில் ஊதி மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டவள். வியாழக்கிழமை வலி கிளம்பிப் போனதும், கலைந்த கொண்டையைக்கூட முடியாமல் நேரே செண்பகத்தின் கட்டிலுக்கு வந்தாள். "நாலு சுத்து ஓடுனியே, எப்படிளா ஓடுன?" என்று கேட்டாள். செண்பகம், "தெரியல டீச்சர், ஓடிட்டேன்" என்றாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்கள். வடிவு காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மெடிக்கல் ஸ்டோர் தங்கதுரை அண்ணாச்சி, கடைசி வீட்டுக்காரர். ஆம்பிளைக்கு வருமா என்று கேட்காதீர்கள், வந்தது. பதினைந்து வருஷமாக அதே மாத்திரையை அட்டை அட்டையாகக் கிழித்துக் கொடுத்தவர், ஒரு நாளாவது எதற்கு என்று கேட்டதில்லை. மனுஷன் கௌரவம் பார்த்துக்கொண்டு கேஸ் டிரபிள், கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துக் குடித்துப் பொழுது சாய்கிற வரைக்கும் சமாளித்தார். கடைசியில் கல்லாவுக்கு அடியில் குத்தவைத்துக்கொண்டு "வலிக்கே, எம்மா, வலிக்கே" என்று வாய்விட்டார். அதிலிருந்துதான் காம்பவுண்டுக்காரர்களுக்கு விஷயம் பிடிபட்டது: வலி வந்தவர்கள் வாய்விட்டு வலிக்கி என்று சொல்கிற நேரத்தில் இருந்துதான் அது தன் ஒரு நாளை ஆரம்பிக்கும், மறுநாள் அதே நேரத்துக்கு எழுந்து போய்விடும், சொல்லாமல் வீம்பு பிடித்தால் சொல்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, எட்டு வீட்டுக்காரர்களும் அதை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் நடத்தினார்கள். மோட்டார் ரூம் கதவில் இன்றைக்கு யார் மோட்டார் போட வேண்டும் என்று சாக்பீஸில் முறை எழுதி வைத்திருப்பார்கள், அதற்குப் பக்கத்திலேயே லூர்து டீச்சர் கோடு கிழித்து, வலி இன்றைக்கு யார் வீட்டில் என்று எழுத ஆரம்பித்தாள். எந்த வீட்டில் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம், மற்ற வீட்டிலிருந்து சோறும் துவையலும் போய்விடும். செண்பகத்தின் ரப்பர் சுடுதண்ணிப் பை வீடு வீடாகப் போயிற்று. பால்காரர் கதவில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்கு மட்டும் சத்தம் போடாமல் பாலை வைத்துவிட்டுப் போனார். சுடலைமணி, அக்காவை டிராமா குயின் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவன், தன் முறை வந்தபோது காம்பவுண்டு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மறுநாளிலிருந்து அக்கா தட்டை அவனே கழுவினான். ஒருநாளும் செண்பகத்தை ஒரு வார்த்தை சொல்லாத இரண்டு வீட்டை மட்டும் அது எட்டியும் பார்க்கவில்லை.

ராஜகனியம்மாதான் ஏய்க்கப் பார்த்தாள். வீட்டு ஓனர் இல்லையா. "கல்யாணம் ஆனாச் சரியாயிரும்" என்று ஆறு வருஷம், "ஒரு பிள்ளை பிறந்தாச் சரியாயிரும்" என்று இரண்டு வருஷம் செண்பகத்துக்கு வைத்தியம் சொன்னவள், தன் பெயர் வரப்போகிறது என்று தெரிந்ததும் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள். வலி என்ன செய்தது? அவள் வருகிற வரைக்கும் மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டது. மோட்டார் முனகுகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு நாள் ஏழு வீடும் தெருக்குழாயில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்று, மூன்றாம் நாள் போன் மேல் போன் போட்டு, "நீங்க வந்து வாங்கிக்கிடுங்க ராஜகனியம்மா, எங்களால முடியாது" என்று சொன்ன பிறகு திரும்பி வந்தாள். காம்பவுண்டு கேட்டைத் தாண்டிக் காலை வைத்தாள், தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை பேருக்கு வந்தது, வடிவுக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தர் கலைந்த தலையோடு வந்து செண்பகத்தின் கட்டிலில் உட்கார்ந்தார்கள், அவளும் அவர்களிடம் வாய் நிறையப் பேசினாள், தங்கதுரை அண்ணாச்சி "நான் பாவி, கேக்காம விட்டுட்டேனே தாயி" என்று கண்ணைத் துடைத்தபோது "போனது போகட்டும் அண்ணாச்சி" என்று அவள்தான் தேற்றினாள். வடிவுக்கு மட்டும் அந்தக் கட்டிலில் உட்காரத் தகுதி இல்லை. எல்லாருக்கும் உள்ளதுதான் என்று மற்றவர்களைவிட அதிகம் சொன்னவள் அவள், மாசாமாசம் சொன்னவள், ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அந்த வலியை ஒரே ஒரு நாள் வாங்கி அனுபவித்துவிட்டால், இதுதானா அது, இதையா நான் எல்லாருக்கும் உள்ளது என்றேன் என்று மகள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். தெரியாத வலிக்கு எந்த வாயால் மன்னிப்புக் கேட்பது?

யோசித்து யோசித்து அவளுக்கு ஒன்று தோன்றியது. நம் பக்கத்து வழக்கம்தான். பக்கத்து வீட்டுக்காரர்களை வாசலில் நின்று வாயால் அழைத்தால் போதும், விசேஷத்துக்கு வந்துவிடுவார்கள்; ரத்த சொந்தத்தைத் தாம்பாளம் வைத்து முறையாக அழைக்கவில்லை என்றால் பந்தியில் கை நனைக்க மாட்டார்கள், ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். மகள் வயிற்றில் பதினைந்து வருஷம் இருந்தது, அவளுக்கு அது ரத்த சொந்தம் இல்லாமல் வேறென்ன? அழைக்காமல் எப்படி வரும்? உடனே தலைக்குக் குளித்து, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு வாழைப்பழம் எடுத்து வைத்துக்கொண்டு மாடியேறி, ராஜகனியம்மா படுத்திருந்த பாய்க்கு எதிரே நின்றாள். "ஏ தாயி, எத்தனை பேருகிட்ட வந்தும் என்கிட்ட வராம இருக்க. அழைக்கலன்னு நினைச்சிருந்தா இந்தா அழைச்சிட்டேன். நாளைக்குக் கட்டாயம் வந்து இருந்துட்டுப் போகணும்" என்றாள். முனகிக்கொண்டே ராஜகனியம்மா கையை நீட்டி, "அது சார்பா நான் வாங்கிக்கிடுதேன் வடிவு, நீ போ" என்று தாம்பாளத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ராஜகனியம்மாவை விட்டு அது எழுந்து போயிற்று. வடிவு நல்ல சேலை கட்டி, பாயை விரித்து, சுடுதண்ணிப் பையை நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டு ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. மாவுக்கு ஆள் வந்து சத்தம் கொடுத்தது. மாசாமாசம் வருகிற இடுப்புக் கடுப்பு வேறு ஆரம்பித்திருந்தது. இனி எங்கே வரப்போகிறது என்று பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்க் கிரைண்டரைப் போட்டாள்.

அன்றைக்கும் கதவில் பெயர் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்று நாளாக எந்த வீட்டிலும் அது இல்லை என்றதும் ஒழிந்தது சனியன் என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள், ராஜகனியம்மா ஒரு சட்டி பாயசம் வைத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். வடிவு தன் பாயசத்தை அப்படியே சுடலைமணியிடம் கொடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் லூர்து டீச்சர் மாவுக்குத் தூக்குவாளியோடு வந்து நின்றாள். வடிவு கிரைண்டரில் சாய்ந்தபடியே, "பாத்தீங்களா டீச்சர், தட்டு வச்சு அழைச்சும் வரல. அதுக்குக்கூட நான் வேண்டாதவளாப் போயிட்டேன். வலிக்கே பிடிக்காத பாவி நான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். டீச்சர் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வடிவு இடது காலைத் தூக்கி வலது காலில் பாரம் கொடுத்து நிற்பதைப் பார்த்தாள். மோட்டார் சூட்டில் அடிவயிற்றை அழுத்தி வைத்திருப்பதைப் பார்த்தாள். பேச்சுக்கு நடுவில் மூச்சைப் பிடித்து, உதட்டைக் கடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிற மாதிரி நின்று பிறகு விடுவதைப் பார்த்தாள். டீச்சரும் அந்தப் புதன்கிழமை முழுக்க அப்படித்தான் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாள்.

"வடிவு, எத்தனை நாளா இப்படி நிக்க?"

"எப்பவும் இப்படித்தானே நிப்பேன் டீச்சர். தேதி கிட்ட வந்தா இடுப்பு கடுக்கும்லா, கிரைண்டர் சூட்டுக்குக் கொஞ்சம் இதமா இருக்கும்."

"உள்ள யாரோ திருகுத மாதிரி இருக்கா? காலு வரைக்கும் இழுக்கா?"

"அது இருக்கும்லா. எல்லாருக்கும் உள்ளதுதான டீச்சர்."

சொல்லிவிட்டு வடிவு நிமிர்ந்தாள். டீச்சருக்குப் பின்னால், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி செண்பகம் வந்து நின்றாள். எட்டிக் கிரைண்டர் சுவிட்சை அணைத்தாள். அரைகுறை மாவோடு கல் நின்றது. இத்தனை வருஷத்தில் வடிவின் கிரைண்டர் பாதியில் நின்று அந்தக் காம்பவுண்டு கேட்டதில்லை, என்ன என்ன என்று வீட்டுக்கு ஒரு தலை வெளியே வந்தது.

"எல்லாருக்கும் உள்ளதுதான டீச்சர்?" வடிவு மறுபடி கேட்டாள். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டாள்.

"இல்ல வடிவு. எனக்கெல்லாம் அந்தக் காலத்துல மாசத்துக்கு ஒரு நாள் லேசா இடுப்பு வலிக்கும், ஒரு சுக்குக் காப்பி குடிச்சா ஓடிரும். இது எனக்கு அந்தப் புதன்கிழமை ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு."

வடிவு ராஜகனியம்மாவைப் பார்த்தாள். அவளும் இல்லை என்று தலையை ஆட்டினாள். நாலாம் வீட்டுக்காரியும் ஆட்டினாள்.

"வலிக்கின்னு சொல்லும்மா" என்றாள் செண்பகம். "சொன்னாத்தான் போகும்."

சொல்ல வரவில்லை. பதினாலு வயதில் பல்லைக் கடித்தவள், முப்பத்து மூன்று வருஷமாகக் கடித்த பல்லை எடுக்கவில்லை. அந்தப் பல்லோடுதான் மாவாட்டினாள், பிள்ளை பெற்றாள், புருஷனைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசலில் நின்றாள். இது வலி என்றால், இதற்குப் பெயர் உண்டு என்றால், இதற்கு டாக்டர் உண்டு என்றால், இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தாள்? தனக்கு இருந்ததை ஊருக்கெல்லாம் உள்ளது என்று நினைத்து, அந்தப் பொய்யைத்தானே பிள்ளை கையிலும் கொடுத்து அனுப்பினாள்? "வலிக்கிட்டி" என்றாள் கடைசியில், யாருக்கும் கேட்காத மாதிரி. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு காம்பவுண்டுப் பெண்கள் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். லூர்து டீச்சர் கதவில் சண்முகவடிவு என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அது எழுந்து போயிற்று. போகும்போது வடிவு வயிற்றில் பழையதாக இருந்ததையும் கூட்டிக்கொண்டு போயிற்று என்றுதான் காம்பவுண்டில் சொல்லிக்கொள்கிறார்கள். அவள் ஒருக்களித்து உருண்டு எழுந்தாள். தரையில் காலை வைத்து நின்றாள், இரண்டு காலும் ஒன்றுபோலப் பாரம் தாங்கியது அவளுக்குப் புதிதாக இருந்தது, எதையோ கீழே போட்டுவிட்டோமோ என்று பயந்து சுற்றும்முற்றும் பார்த்தாள். முற்றத்தில் மோட்டார் ரூம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"டீச்சர், உங்களுக்கெல்லாம் எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி?"

"இப்படித்தான்... ஒண்ணுமே இல்லாம."

"ஆமா வடிவு" என்றாள் டீச்சர்.

உள்ளே செண்பகம் சுவரோரம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டிருந்தாள். வடிவு உட்கார்ந்தாள். பதினைந்து நாளாகச் சொல்லிப் பழகிய மன்னிச்சிரு தாயி நாக்கு நுனியில் இருந்தது, வந்தது வேறு.

"எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமாத் தெரியாது. எல்லாரும் இப்படித்தான் இருக்காங்கன்னு நினைச்சேன்."

செண்பகம் குனிந்து தலையணை உறையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "உனக்கு வந்தது எனக்கு மொத நாளே தெரியும்மா. நீ கிரைண்டர்கிட்ட நிக்கதைக் கட்டில்ல இருந்து பாத்தேன். கடையில நான் அப்படித்தானே நிப்பேன். சொல்லுதியான்னு பாப்போம்னு இருந்தேன். நாலு நாளும் பாத்துக்கிட்டே சும்மா இருந்துட்டேன்" என்று சொன்னவள், அழுதாள். தையல் இழுக்கும் என்று தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

வடிவு அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"நாலு நாள்தானட்டி" என்றாள். "நாலு நாள்தான."